என்ன கேஸ்னு மட்டும் கேட்காதீங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. பாடி மேம்பாலத்துக்குக் கீழே டீ குடிச்சுட்டு, ஃப்ரெண்டைப் பின்னாடி ஏத்திக்கிட்டுக் கிளம்புறீங்க. புழல் ஏரிப் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரணும், அவ்வளவுதான் பிளான். லூகாஸ், மண்ணூர்பேட்டை, டன்லப்னு ஒவ்வொரு ஸ்டாப்பா தாண்டி, அம்பத்தூரைத் தொட்டு, புழல் ரோட்டைப் பிடிக்கிறீங்க. வண்டி ரிசர்வுக்கு வந்துடுச்சு. புழலை நெருங்கும்போது ஒரு பெட்ரோல் பங்க். உள்ளே வளைக்கிறீங்க.

"ஜீரோ பார்த்துக்குங்க"னு ஒரு அக்கா பெட்ரோல் போடுறாங்க. காசு வாங்குறாங்க. சில்லறை கொடுக்குறாங்க. நீங்க கிளம்பிடுவீங்க. சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போவீங்க. அந்த அக்கா போறது பக்கத்துல இருக்கிற பெரிய மதிலுக்கு உள்ளே. ஏன்னா, அவங்க புழல் பெண்கள் தனிச்சிறையில் தண்டனை அனுபவிச்சுக்கிட்டு இருக்கிறவங்க.

2023 ஆகஸ்ட்டில் திறந்த பங்க் இது. தமிழ்நாடு சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. பெண் சிறைவாசிகளே நடத்துற பங்க் இந்தியாவிலேயே இதுதான் முதல்னு அறிவிச்சாங்க. சுமார் 30 பேருக்கு வேலை, மாசம் 6,000 ரூபாய் சம்பளம்னு சொன்னாங்க.

இதைக் கேட்டதும் உங்க வாய் வரைக்கும் ஒரு கேள்வி வரும். "என்ன கேஸாம்?"

தப்பில்லை, எல்லோருக்கும் முதல்ல வர்ற கேள்வி அதுதான். ஆனா, அந்த ஒரு கேள்வியோட நாம நிறுத்திக்கிறோமே... அங்கேதான் பிரச்னை. கோர்ட் ஏற்கெனவே கேட்டு முடிச்ச கேள்வி அது. யாருமே கேட்காத கேள்விகள் வேற இருக்கு. எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க? நாப்கின் கிடைக்குமா? குழந்தை இருந்தா என்ன ஆகும்? யாராவது பார்க்க வருவாங்களா? எப்போ வெளியே வருவாங்க? வந்தா எங்கே போவாங்க? வாங்க, இன்னிக்கு அதையெல்லாம் கேட்போம்.

சென்ட்ரல்ல இருந்து புழலுக்கு

உங்க அப்பாகிட்டயோ தாத்தாகிட்டயோ 'மெட்ராஸ் சென்ட்ரல் ஜெயில்'னு சொல்லிப் பாருங்க. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம்தான் கை காட்டுவாங்க. 1837-ல் கட்டின ஜெயில் அது. சுபாஷ் சந்திர போஸையே அடைச்சு வெச்சிருந்த இடம். ஊர் பெருசாக, ஜெயில் நெருக்கடியாக, 2006-ல் எல்லோரையும் புழலுக்கு மாத்தினாங்க. பழைய ஜெயிலை 2009-ல் இடிச்சாங்க. இடிக்கிறதுக்கு முன்னாடி பொதுமக்கள் சுத்திப் பார்க்கலாம்னு கதவைத் திறந்துவிட, பொருட்காட்சிக்குப் போற மாதிரி கூட்டம் அள்ளியது.

புழல் வளாகம் 200 ஏக்கருக்கும் மேல். தண்டனை பெற்ற ஆண்களுக்கு ஒரு சிறை, விசாரணையில் இருக்கிற ஆண்களுக்கு ஒரு சிறை, பெண்களுக்குத் தனியா ஒரு சிறைனு மூணு பகுதி. பெண்கள் சிறையைச் சுமார் 500 பேர் இருக்கிற மாதிரி திட்டமிட்டுக் கட்டினாங்க. இது தவிர வேலூர், திருச்சி, மதுரை, கோவையிலும் பெண்கள் தனிச்சிறை இருக்கு. ஆண்களையும் பெண்களையும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவோ பேசவோ முடியாதபடி பிரிச்சு வைக்கணும்னு 1894-ம் வருஷத்துச் சிறைச் சட்டமே சொல்லுது. பெண்கள் இருக்கிற பகுதியில் காவலும் பெண்கள்தான்.

இன்னொரு விஷயம். இப்போ அரசு ஆவணங்கள்ல 'கைதி'க்குப் பதிலா 'சிறைவாசி'னு எழுதுறாங்க. பேரை மாத்தினா எல்லாம் மாறிடுமானு கேட்காதீங்க. ஹாஸ்டல்ல பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடுறப்போ எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

காலை ஆறு டு மாலை ஆறு

சினிமாவுல ஜெயில்னா கல் உடைக்கிறது, தட்டு தூக்கி அடிக்கிறது, அலாரம். நிஜம் அதைவிட ரொம்ப மெதுவானது. உள்ளே இருக்கிற பெரிய எதிரி நேரம்.

பொழுது விடியும்போது பிளாக்கைத் திறப்பாங்க. முதல் வேலை கணக்கெடுப்பு. நேத்து ராத்திரி எத்தனை பேரை வெச்சுப் பூட்டினாங்களோ, அத்தனை பேரும் இருக்காங்களானு எண்ணணும். அப்புறம் குளியல், துணி துவைக்கிறது, காலைச் சாப்பாடு. தண்டனைக் கைதிகளுக்கு வேலை. விசாரணைக் கைதிகளைக் கட்டாயமா வேலை வாங்க முடியாது. அவங்க சொந்த உடை போட்டுக்கலாம். மதியச் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி வேலை அல்லது வகுப்பு. ராத்திரிச் சாப்பாட்டை வெளிச்சம் இருக்கும்போதே கொடுத்துடுவாங்க. மாலை ஆறு மணி வாக்கில் மறுபடி எண்ணிக்கை. பூட்டு.

நல்லா கவனிங்க... சாயங்காலம் ஆறு மணி. அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட் முடிச்சு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு உங்க ஏரியா அக்காக்கள் பஸ் பிடிக்கிற நேரம். நீங்க காலேஜ் முடிச்சு பாடி சிக்னல்ல நின்னு அரட்டை அடிக்கிற நேரம். உங்க நாளோட பாதி அப்போதான் ஆரம்பிக்கும். அவங்களுக்கு அது முடிஞ்சுடும். விடியுற வரைக்கும் அதே நாலு சுவர், அதே முகங்கள். சில வீடுகள்ல ஒரு நாள் கரன்ட் போனாலே சண்டை வருது. வருஷக்கணக்குல இப்படின்னா?

வேலைனு பார்த்தா தையல்தான் முக்கியமானது. மசாலாப் பொடி, பேக்கரி அயிட்டங்கள், கைவினைப் பொருட்கள்னு சிறைகள்ல தயாராகிறதை 'சிறை அங்காடி'யில் விக்கிறாங்க. தமிழ்நாட்டுச் சிறைப் பொருட்களுக்கு வெச்சிருக்கிற பிராண்ட் பேர் என்ன தெரியுமா? 'ஃப்ரீடம்'. சம்பளம் உண்டு. ஆனா முழுசும் கைக்கு வராது. பராமரிப்புக்குனு பிடிப்பாங்க. ஒரு பங்கு, குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கான நிதிக்குப் போயிடும். மிச்சம்தான் அவங்க கணக்குல சேரும்.

சோறும் நாப்கினும்

'ஜெயில் களி' எல்லாம் பழைய கதை. 2023-ல் தமிழ்நாட்டுச் சிறைகளோட சாப்பாட்டுப் பட்டியலை மறுபடி மாத்தி, காலை டிபன்ல வெரைட்டி, சாயங்காலம் சுண்டல்னு கொண்டுவந்தாங்க. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற அம்மாக்களுக்கும் தனி உணவு தரணும்னு விதி இருக்கு.

சரி, பீரியட்ஸ் வந்தா? பொண்ணுங்களுக்கு உடனே தோணுற கேள்வி, பசங்களுக்குத் தோணவே தோணாத கேள்வி. தமிழக அரசு இலவச நாப்கின் திட்டத்தைக் கொண்டுவந்தப்போ, வளரிளம் பெண்கள், பிரசவமான தாய்மார்களோட சிறையில் இருக்கிற பெண்களையும் அதில் சேர்த்தாங்க. 'புதுயுகம்'னு பேர். வருஷத்துக்கு ஒருத்தருக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. அதாவது வருஷத்துக்கு 108 நாப்கின். மாசத்துக்கு 9. போதுமா? பொண்ணுங்க யாராவது உங்க பக்கத்துல இருந்தா கேட்டுப் பாருங்க, பதில் சொல்வாங்க.

ஆம்பிளைங்களை மனசுல வெச்சே கட்டின சிஸ்டம் இது. கம்பி, பூட்டு, சுவர் உயரம் எல்லாத்துக்கும் அளவு யோசிச்சவங்க, ஒரு பெண்ணோட மாசத்தை யோசிக்க ரொம்ப காலம் ஆச்சு. சிறையில் இருக்கிற பெண்களுக்காகத் தனியா விதிகள் வேணும்னு ஐ.நா. சபை ஒத்துக்கிட்டதே 2010 டிசம்பர்லதான். 'பாங்காக் விதிகள்'னு சொல்வாங்க. மொத்தம் 70 விதிகள். நாப்கின்ல இருந்து கர்ப்பகாலக் கவனிப்பு வரைக்கும் அதில் இருக்கு.

ஏன் இவ்வளவு லேட்? எண்ணிக்கைதான் காரணம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குப்படி, 2022 முடிவுல இந்தியச் சிறைகள்ல இருந்தவங்க 5,73,220 பேர். அதில் பெண்கள் 23,772. நூத்துக்கு நாலு பேர். நாலு பேருக்காக யார் தனியா யோசிப்பாங்க?

தப்பே பண்ணாத குட்டீஸ்

அதே 2022 கணக்குல இன்னொரு வரி இருக்கு. 1,537 பெண்களோட அவங்க குழந்தைகள் 1,764 பேரும் சிறையில் இருந்தாங்க.

ஆமா, குழந்தைங்க. வெளியே பார்த்துக்க ஆள் இல்லைன்னா, ஆறு வயசு வரைக்கும் அம்மாகூட உள்ளேயே இருக்கலாம். இது பத்தி உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரல்ல ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. அந்தக் குழந்தையைக் கைதி மாதிரி நடத்தக் கூடாது. சாப்பாடு, துணி, மருத்துவம், படிப்பு, விளையாட்டு எல்லாம் அதோட உரிமை. குழந்தைகள் காப்பகமும் நர்சரியும் இருக்கணும், முடிஞ்சா மதிலுக்கு வெளியே. கர்ப்பிணியா உள்ளே வந்தவங்களுக்கு, முடிஞ்சவரை பிரசவம் வெளியே ஆஸ்பத்திரியில் நடக்கணும். அப்படியும் உள்ளே பிறந்துட்டா, பிறப்புச் சான்றிதழ்ல பிறந்த இடம் 'சிறை'னு எழுதக் கூடாது. அந்த ஏரியா பேரை மட்டும்தான் எழுதணும்.

அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. நாளைக்கு அந்தக் குழந்தை ஸ்கூல்ல சேரும்போது, காலேஜ் அட்மிஷன் ஃபார்ம் நிரப்பும்போது, பாஸ்போர்ட் எடுக்கும்போது, அம்மாவோட கேஸ் அது பின்னாடியே வரக் கூடாதுனு யோசிச்சிருக்காங்க. ஒரு பேப்பர்ல ஒரு வார்த்தையை எழுதாம விடுறதுகூட எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க.

ஆனா, ஆறாவது பிறந்தநாள் ஒண்ணு வரும். மத்த குழந்தைகளுக்கு கேக். இந்தக் குழந்தைக்கு அம்மாவைப் பிரிஞ்சு உறவினர் வீட்டுக்கோ இல்லத்துக்கோ போற நாள்.

மனு நாள்

சிறைக்குப் போய் ஒருத்தரைப் பார்க்கிறதுக்கு, 'மனு பார்க்கிறது'னு பேர். பேர் எழுதி, அடையாள அட்டை காட்டி, காத்திருந்து, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பேசணும். விசாரணைக் கைதிகளை அடிக்கடி பார்க்கலாம். தண்டனைக் கைதிகளுக்கு வாய்ப்பு குறைவு. பதிவு செஞ்ச நம்பருக்கு அளவான நிமிடங்கள் போன் பேசலாம். 2020 கொரோனா காலத்துல மனு நின்னுபோனப்போ, செல்போன் வாங்கி வீடியோ கால்ல குடும்பத்தைக் காட்டினாங்க.

ஆண்கள் சிறை வாசல்ல ஒரு காலை நேரம் நின்னு பாருங்க. பை நிறைய பழம், பிஸ்கெட்டோட அம்மா, மனைவி, தங்கச்சினு பெண்கள் கூட்டம் நிக்கும். கடன் வாங்கியாவது வக்கீல் பிடிப்பாங்க. ஊர் ஊரா பஸ் ஏறி வருவாங்க.

ஒரு பெண் உள்ளே போனா? சிறைகள்ல வேலை பார்த்தவங்களும், சட்ட உதவி செய்றவங்களும் திரும்பத் திரும்பச் சொல்ற விஷயம் இது... பெண்களைப் பார்க்க வர்றவங்க ரொம்பக் குறைவு. புருஷன் முதல் சில வாரங்கள்ல நின்னுடுவான். அண்ணன் 'குடும்ப மானம்'னு சொல்லிடுவான். அவங்க பேரை வீட்டுல உச்சரிக்கவே மாட்டாங்க. கடைசி வரைக்கும் வர்றது பெரும்பாலும் அம்மா. அந்த அம்மாவும் போயிட்டா, மனு நாள்னு ஒண்ணு காலண்டர்ல மட்டும்தான்.

ஸோ... ஒரே குற்றம், ஒரே சட்டப்பிரிவு, ஒரே தண்டனைதான். ஆனா பெண்ணுக்கு எழுதாத இன்னொரு தண்டனையும் சேர்ந்து கிடைக்குது. அதைக் கொடுக்கிறது நீதிபதி இல்லை. நாமதான்.

தீர்ப்பே வராத தண்டனை

'உள்ளே இருக்கிறவங்க எல்லாம் தப்பு பண்ணினவங்கதானே'னு நினைக்கிறீங்களா? 2022 கணக்குப்படி, இந்தியச் சிறைகள்ல இருந்தவங்கள்ல நூத்துக்கு 75-க்கும் மேல விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளினு எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவங்க.

ஒரு கற்பனை. பாடியில இருந்து அண்ணா நகர் அபார்ட்மென்ட்டுக்கு வீட்டு வேலைக்குப் போற ஒரு அக்கா. அந்த வீட்டுல நகை காணோம். புகார் கொடுக்குறாங்க. கைது, ரிமாண்ட். காவலை பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை நீட்டிக்கிட்டே போவாங்க. ஒருவழியா ஜாமீன் கிடைக்குது. ஆனா, ரெண்டு ஜாமீன்தாரர் வேணும். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோட வந்து கையெழுத்துப் போடணும். வாடகை வீட்டுல இருக்கிற, சொந்தக்காரங்க கைவிட்ட ஒரு பெண்ணுக்கு யார் வந்து நிப்பாங்க? ஜாமீன் பேப்பர் கையில் இருக்கு. ஆள் உள்ளே இருக்கு. மனுவுக்கு ஆள் வராதது சோகம் மட்டும் இல்லை. அதுவே ஜெயிலை நீட்டிக்குது.

இதுக்குத்தான் சில கதவுகள் இருக்கு. ஜாமீன் கிடைச்சும் ஒரு மாசத்துக்குள்ள வெளியே வர முடியலைன்னா, நிபந்தனையைத் தளர்த்த முடியுமானு நீதிமன்றம் பரிசீலிக்கலாம்னு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிக்கு உதவுற மத்திய அரசுத் திட்டமும் 2023-ல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலான புதுச் சட்டத்துல (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 479-வது பிரிவு) இன்னொரு விஷயம். முதல் தடவை மாட்டினவங்க, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூணுல ஒரு பங்கை விசாரணையிலேயே கழிச்சுட்டா, ஜாமீன்ல விடணும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது கிடையாது. ஒண்ணுக்கு மேல வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது.

கதவு இருக்கிறது தெரிஞ்சாதானே தட்ட முடியும்?

வேலூர்ல எடுத்த முடிவு

சட்டம் தெரியாம உள்ளே கிடக்கிற பெண்களைப் பார்த்து ஒருத்தங்க முன்னாடியே கோபப்பட்டிருக்காங்க. துர்காபாய். 1909-ல் பிறந்தவங்க. உப்பு சத்தியாகிரகத்துல கலந்துக்கிட்டு 1930-ல் கைதாகி, வேலூர் சிறைக்குப் போனப்போ வயசு 21 தாண்டலை. கிட்டத்தட்ட உங்க வயசு. அரசியல் கைதியா போன அந்தப் பொண்ணு, மத்த கைதிகளோட பேசிப் பார்த்தாங்க. தன் மேல என்ன வழக்குனுகூடப் புரியாம, சட்டம் தெரியாததாலேயே மாட்டிக்கிட்ட பெண்கள் அங்கே இருந்தாங்க. நான் சட்டம் படிக்கணும்னு துர்காபாய் முடிவெடுத்தது அப்போதான்.

அப்புறம் மதுரைச் சிறையில் தனிமைக் காவலும் அனுபவிச்சாங்க. வெளியே வந்து, விட்ட படிப்பை முதல்ல இருந்து பிடிச்சு, பி.ஏ., எம்.ஏ. முடிச்சு, 1942-ல் சென்னையில் சட்டப் பட்டம் வாங்கி வக்கீல் ஆனாங்க. ஆந்திர மகிள சபாவைத் தொடங்கினாங்க. நம்ம அரசியலமைப்புச் சட்டத்தை எழுதின சபையில் உறுப்பினரா உட்கார்ந்த சில பெண்கள்ல அவங்களும் ஒருத்தங்க. சிறை ஒரு வக்கீலைத் தயாரிச்சு அனுப்பின கதை இது!

இப்பவும் படிப்புக்கு வழி இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு வகுப்பு நடக்குது. தமிழ்நாட்டுச் சிறைகள்ல இருந்து வருஷா வருஷம் பத்தாவது, பிளஸ் டூ பரீட்சை எழுதுறாங்க. இக்னோ, சிறைவாசிகளுக்குக் கட்டணம் வாங்காம பட்டப்படிப்பு தருது. ராஜீவ் காந்தி கொலை வழக்குல 2022 நவம்பர்ல விடுதலையான நளினி, எம்.சி.ஏ. முடிச்சது சிறைக்குள்ளதான். நமக்கு அரியர் வைக்கவே ஆயிரம் காரணம் இருக்கு. விளக்கை எப்போ அணைக்கணும்னுகூட நாம முடிவு பண்ண முடியாத இடத்துல உட்கார்ந்து படிச்சுப் பாருங்க!

'அவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?'

கேட்பீங்கனு தெரியும். நியாயமான கேள்வி. ஒரு கொலையில் அப்பாவை இழந்த குடும்பத்துக்குச் சுண்டலும் எம்.சி.ஏ-வும் எப்படி இருக்கும்? அந்த வலிக்கு முன்னாடி யாரும் லெக்சர் அடிக்க முடியாது.

ஆனா, இப்படி யோசிங்க. நீதிமன்றம் கொடுக்கிற தண்டனை, சுதந்திரத்தைப் பறிக்கிறது. அவ்வளவுதான். பசி, நோய், அவமானம், அடி... இதெல்லாம் தீர்ப்புல எழுதலை. எழுதாத தண்டனையை யார் வேணா கொடுக்கலாம்னு விட்டா என்ன ஆகும்? 2017 ஜூன்ல மும்பை பைகுல்லா பெண்கள் சிறையில் நடந்தது அதுதான். ரேஷன் கணக்குல ரெண்டு முட்டையும் அஞ்சு பன்னும் குறையுதுனு கேட்டதுல ஆரம்பிச்ச தகராறு. ஊழியர்கள் அடிச்சதுல ஒரு பெண் சிறைவாசி இறந்துட்டாங்கனு சக கைதிகள் கொதிச்சு எழுந்தாங்க. சிறை ஊழியர்கள் ஆறு பேரைக் கைது பண்ணி, கொலை வழக்கு போட்டாங்க. வெளியே இருக்கிற கண்கள் உள்ளே பார்க்காதபோது, ஒரு உயிரோட விலை ரெண்டு முட்டைக்கு வந்துடும்.

இன்னொண்ணு, இதுதான் ரொம்ப பிராக்டிகல். உள்ளே போனவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரு நாள் வெளியே வந்துடுவாங்க. புழல்ல இருந்து பஸ் ஏறினா பாடிக்கு எவ்வளவு நேரம் ஆகிடப் போகுது? உங்க தெருவுல வீடு தேடுவாங்க. உங்க கம்பெனியில வேலை கேட்பாங்க. கையில தொழிலும் மனசுல கொஞ்சம் தைரியமும் உள்ளவங்களா வரணுமா, எல்லாத்தையும் தொலைச்சவங்களா வரணுமா? அந்த பெட்ரோல் பங்கோட அர்த்தம் 6,000 ரூபாய் மட்டும் இல்லைங்க. பல வருஷம் கழிச்சு கஸ்டமரைப் பார்த்துப் பேசுறது, பணம் எண்ணுறது, ரோட்டைப் பார்க்கிறது... வெளி உலகத்துக்கு ஒரு ரிகர்சல்.

நீங்க என்ன பண்ணலாம்?

* புத்தகம் கொடுங்க: சென்னை புத்தகக் காட்சியில் 2023 ஜனவரியில் சிறைத்துறை ஒரு அரங்கு போட்டது. 'கூண்டுக்குள் வானம்'னு அழகான பேர். சிறைவாசிகளுக்காக நீங்க புத்தகம் வாங்கி அங்கேயே கொடுக்கலாம். அடுத்த புத்தகக் காட்சிக்குப் போகும்போது அந்த அரங்கைத் தேடிப் பாருங்க. பரீட்சை கைடு, தையல் புத்தகம், நாவல், குட்டீஸுக்குப் படக்கதை... எதுவும் வீணாகாது.

* 15100: இந்த நம்பரை போன்ல சேவ் பண்ணுங்க. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தோட உதவி எண். 1987-ம் வருஷச் சட்டப்படி, இலவச வக்கீல் கேட்க ஒரு பெண், பெண்ணா இருந்தாலே போதும். வருமானச் சான்றிதழ் தேவையில்லை. காவல்ல இருக்கிற யாருக்கும் இந்த உரிமை உண்டு. பக்கத்து வீட்டுல யாருக்காவது தேவைப்படலாம்.

* சட்டம் படிக்கிறீங்களா?: உங்க காலேஜ்ல சட்ட உதவி மையம் இருக்கும். சட்டப் பணிகள் ஆணைக்குழு பயிற்சி கொடுத்து தன்னார்வலர்களையும் சேர்க்குது. மனு எழுத உதவுறதுல இருந்து, வீட்டுக்குத் தகவல் சொல்றது வரைக்கும் வேலை இருக்கு. துர்காபாய்க்கு அப்போ யாரும் இப்படிச் சொல்லிக் கொடுக்கலை. உங்களுக்கு வழி ரெடியா இருக்கு.

* ஓட்டு போடுங்க: சிறையில் இருக்கிறவங்களுக்கு ஓட்டு கிடையாது. விசாரணைக் கைதிக்கும் இல்லை. தடுப்புக் காவல்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் விதிவிலக்கு. ஓட்டே இல்லாதவங்களைப் பத்தி எந்த வேட்பாளர் பேசுவார்? உங்க ஏரியாவுல ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட நீங்கதான் கேட்கணும்.

* கடைசியா, காசே செலவாகாத ஒண்ணு: விடுதலையாகி வந்த ஒரு பெண், உங்க அம்மாவோட ஆபீஸ்லயோ உங்க தெருவுலயோ வேலைக்குச் சேர்ந்தா, அவங்க பின்னாடி நின்னு கிசுகிசுக்காதீங்க. யாராவது கிசுகிசுத்தா, 'விடுங்கம்மா, அது முடிஞ்சுபோச்சு'னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

இப்போ மறுபடி அந்த பங்க்குக்கு வாங்க. டேங்க் நிரம்பியாச்சு. பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஃப்ரெண்டு உங்க காதுல மெதுவா கேட்கிறான், "என்ன கேஸா இருக்கும்டா?"

பதில் சொல்லாதீங்க. சில்லறையை வாங்கிப் பாக்கெட்ல போடுங்க. அந்த அக்கா முகத்தைப் பார்த்து, "தேங்க்ஸ்க்கா" சொல்லிட்டு வண்டியைக் கிளப்புங்க. ரெண்டு செகண்ட்கூட ஆகாது. அன்னிக்கு முழுக்க அவங்களைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்ட ஒரே வெளியாள் நீங்களாகக்கூட இருக்கலாம்.